கச்சத்தீவுக்குப் போகலாமா, ஐயா?



லெந்து நாட்கள் நெருங்கும்போதெல்லாம் நம் சபையில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். "கச்சத்தீவு அந்தோணியார் கோவில் திருவிழாவுக்கு ராமேசுவரத்திலிருந்து படகில் போகிறார்களாமே, நாமும் போய் வரலாமா, ஐயா?" என்று சிலர் கேட்கிறீர்கள். அண்மைக் காலமாக இதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோரைச் சொகுசுக் கப்பலில் அழைத்துச் செல்கிறார்கள். கப்பல் ஜப்பானில் நிற்கிறது. கடலுக்குள் சிவப்புத் தோரணவாயில் நிற்கும் ஒரு தீவையும் அதன் கோவிலையும் காட்டுகிறார்கள். "அங்கே உள்ளே போனது பாவமாகுமா?" என்பது அந்த இரண்டாம் கேள்வி.

இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றினாலும் அவற்றின் வேர் ஒன்றே. பரிசுத்தமான இடம் என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அங்கே யார் போகலாம், எப்படிப் போக வேண்டும்? இவ்வாரம் இதைப் பற்றி என் கருத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் எதிர்பாராத ஓர் இடத்தில் இக்கட்டுரை போய் நிற்கக்கூடும். பொறுமையோடு வாசியுங்கள்.

முதலில் கச்சத்தீவைப் பற்றிச் சில செய்திகள். பாக் நீரிணையில், ராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவுக்கும் இடையில் கிடக்கும் சிறு தீவு அது. பரப்பளவு சுமார் 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது, ஆகையால் நிலையான குடியிருப்பும் கிடையாது. அங்கே இருக்கும் ஒரே வழிபாட்டுத்தலம் புனித அந்தோணியார் ஆலயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமநாதபுரச் சீமைக் கரையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் அதைக் கட்டினார் என்று சொல்லப்படுகிறது. பழைய ஆலயம் சிறியது. அதன் அருகே இலங்கைக் கடற்படை கட்டிக்கொடுத்த புதிய ஆலயம் 2016 டிசம்பரில் அர்ச்சிக்கப்பட்டது.

ஒரு காலத்தில் ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்த அந்தத் தீவு, 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கையின் எல்லைக்குள் போயிற்று. ஆயினும் அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம் என்றும், அதற்குக் கடவுச்சீட்டோ விசாவோ கேட்கப்படாது என்றும் கூறியது. 1976-இல் ஏற்பட்ட அடுத்த உடன்பாட்டோடு அந்தக் கடற்பகுதியில் மீன்பிடிக்கும் உரிமை போயிற்று. திருவிழாவுக்குப் போகும் உரிமை மட்டும் எஞ்சியது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அதுவும் தடைப்பட்டு, போர் முடிந்தபின் மீண்டும் தொடங்கியது.

விழா இரண்டே நாள். வெள்ளிக்கிழமை மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்ப்பவனி. மறுநாள் காலையில் திருப்பலி. அதன்பின் படகுகள் இரு திசைகளிலும் திரும்பிவிடும். புனித அந்தோணியாரின் நினைவுநாள் ஜூன் 13 ஆயினும் தீவின் திருவிழா பிப்ரவரி, மார்ச் மாதங்களில், லெந்து காலத்தையொட்டி நடக்கிறது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் பொறுப்பில் அது நடைபெறுகிறது. நம் கரையிலிருந்து போகிறவர்களை ராமேசுவரம் வேர்க்கோடு பங்கு ஒருங்கிணைக்கிறது.

நாம் புனிதரிடம் வேண்டுதல் செய்யும் மரபினர் அல்லர். ஆனால் அந்தோணியாரின் வாழ்க்கையை அறிந்துகொள்வதில் நமக்குத் தடையேதும் இல்லை. 1195-இல் லிஸ்பனில் பிறந்த அவர் மொரோக்கோ நாட்டுக்கு நற்செய்தி ஊழியத்துக்காகப் புறப்பட்டார். அங்கே நோயுற்று ஊர் திரும்புகையில் அவர் ஏறிய கப்பல் புயலில் சிக்கித் திசைமாறி சிசிலித் தீவில் ஒதுங்கியது. போக நினைத்த ஊருக்கு அவர் போய்ச் சேரவே இல்லை. அந்நியக் கரையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்தப் பயணி, பின்னர் இத்தாலியின் பதுவா நகரத்தவராகவே அறியப்பட்டு 1231-இல் மரித்தார். கடலில் வழிதவறியவர்களின் ஆலயத்துக்கு இவருடைய பெயர் பொருந்தியே இருக்கிறது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். அந்த 285 ஏக்கர் மண் நம் வீட்டு மண்ணைவிடப் பரிசுத்தமானதா?

யோவான் நான்காம் அதிகாரத்தில் சமாரியப் பெண் இதே கேள்வியைத்தான் ஆண்டவரிடம் வைத்தாள். எங்கள் முன்னோர் கெரிசீம் மலையில் தொழுதார்கள். நீங்கள் எருசலேம் என்கிறீர்கள். எது சரி என்பது அவளது ஐயம். ஆண்டவர் அவளுக்கு ஒரு மலையைத் தள்ளி மற்றொரு மலையைத் தேர்ந்து கொடுக்கவில்லை. பிதாவைத் தொழுவதற்கு இனி மலை ஒரு நிபந்தனையாகாது, ஆவியும் உண்மையுமே வேண்டும் என்று உணர்த்தினார். சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் நிற்பது இந்த வார்த்தையின்மேல்தான். ஆகையால் கச்சத்தீவு மண்ணைத் தொட்டால் கூடுதல் அருள் கிடைக்கும் என்றோ, எருசலேமுக்குப் போய் வந்தவருக்குப் போகாதவரைவிட மேலான இடம் உண்டென்றோ நான் உங்களுக்குப் போதிக்க மாட்டேன். கடன் வாங்கி எருசலேம் பயணம் போக வேண்டாம் என்று மட்டும் இங்கே ஒரு வார்த்தை சொல்லி வைக்கிறேன்.

ஜப்பானியத் தீவின் காரியம் என்ன? ஹிரோஷிமா அருகேயுள்ள மியாஜிமா என்னும் தீவில் இருக்கிறது இட்சுகுஷிமா ஆலயம். 1996-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தீவே தெய்வத்துக்குரியது என்று கருதியதால், அங்கே பிறப்பும் இறப்பும் நிகழலாகாது என்று முன்னோர் விலக்கி வைத்தார்கள். பிள்ளைபெறும் நாள் நெருங்கிய பெண்ணும் மரணத் தறுவாயில் இருப்பவரும் மறுகரைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே கல்லறை இல்லை. கியூஷூவுக்கு வடமேற்கே ஒகினோஷிமா என்னும் மற்றொரு தீவு உண்டு. அங்கே பெண்கள் கால் வைக்கவே அனுமதியில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் ஏறத்தாழ இருநூறு ஆண்கள் கடலில் நீராடித் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொண்டு ஏற அனுமதிக்கப்பட்டார்கள். அங்கிருந்து ஒரு புல்லைக்கூட எடுத்துவரக் கூடாது. 2017-இல் அதுவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து பொதுமக்களுக்கு அந்த ஒரு நாளும் நிறுத்தப்பட்டுவிட்டது.

இவற்றை நகைப்புக்குரியவையாக நினைக்க வேண்டாம். பவுல் அப்போஸ்தலன் அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்களைக் கண்டபோது அவருடைய ஆவி வைராக்கியமடைந்தது உண்மைதான். எனினும் அவர் எதையும் உடைக்கவில்லை, யாரையும் ஏளனம் செய்யவில்லை. அவர்களுடைய பலிபீடங்களைக் கவனித்துப் பார்த்து, அறியப்படாத தேவனுக்கு என்று எழுதியிருந்த ஒன்றிலிருந்து தமது பேச்சைத் தொடங்கினார். அயலாரின் வழிபாட்டிடத்துக்குச் செல்லும் கிறிஸ்தவருக்கு இது போதுமான முன்மாதிரி. போங்கள், காலணியைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், அமைதியாயிருக்கச் சொன்னால் அமைதியாயிருங்கள். வணங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கில்லை. இகழ்வதற்கு உரிமையும் இல்லை. பழனி மலையடிவாரத்தில் கடை வைத்திருக்கிற, அண்டை அயலாரோடு தை மாதப் பாதயாத்திரைக்காரர்களுக்கு மோர் ஊற்றுகிற நம் சபையாருக்கு இதை நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

அதே ஜப்பானில் கிறிஸ்தவர்களுக்கும் ஒரு தீவு உண்டு. நாகசாகி அருகே ஹிராடோவையொட்டிய நகாயேனோஷிமா என்னும் பாறைத்தீவில், பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விசுவாசத்தினிமித்தம் பலர் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட அந்த இருநூற்றைம்பது ஆண்டுகளாக, போதகரும் ஆலயமும் இன்றி மறைவாய் வாழ்ந்த குடும்பங்கள் அந்தப் பாறையில் கசியும் தண்ணீரை எடுத்துவந்து தங்கள் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 1865 மார்ச்சில் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்குச் சில கிராமத்தார் வந்து, தாங்களும் அதே விசுவாசத்தினரே என்று அங்கிருந்த பிரெஞ்சுக் குருவிடம் மெல்லச் சொன்னபோதுதான், அந்த மறைந்த சபை இன்னும் உயிரோடிருப்பதை உலகம் அறிந்தது. அந்தப் பாறையைச் சிறப்பித்தது மண்ணின் தன்மை அல்ல. அங்கே சிலர் காத்த உண்மை. ஓர் இடத்தைப் பரிசுத்தமானது என்று நாம் சொல்லக்கூடுமானால், அங்கே மனிதர் தேவனுக்கு முன்பாகவும் ஒருவருக்கொருவர் முன்பாகவும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைக்கொண்டே அப்படிச் சொல்லலாம்.

ஒரு காரியத்தைக் கவனியுங்கள். தீவைச் சுற்றி வேலியிட்டுப் பரிசுத்தத்தைக் காக்கும் பழக்கம் ஜப்பானியருக்கு மட்டும் உரியதன்று. எருசலேம் தேவாலயத்திலும் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அதைத் தாண்டும் அந்நியனுடைய சாவுக்கு அவனே பொறுப்பு என்று அங்கே கிரேக்க மொழியில் கல்லில் எழுதி வைத்திருந்தார்கள். 1871-இல் அந்தக் கல் ஒன்று எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. எபேசியனாகிய துரோப்பீமுவை அந்த எல்லைக்குள் அழைத்துப்போனார் என்ற பொய்யான சந்தேகத்தினால்தான் பவுல் தேவாலயத்தில் பிடிக்கப்பட்டார் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், இரு கூட்டத்தாரைப் பிரித்த நடுச்சுவரைக் கிறிஸ்து தம்முடைய மாம்சத்தினாலே தகர்த்துவிட்டார் என்ற செய்தியை வாசிக்கும்போது, இந்தக் கல்லையும் சேர்த்து நினையுங்கள். நம்முடைய விசுவாசத்தில் சுவர் என்பது ஓர் உவமை மட்டுமன்று.

கச்சத்தீவு திருவிழாவின் சிறப்பு எனக்குத் தெரிவது இந்த இடத்தில்தான். ஜப்பானின் தீவுகளிலே பரிசுத்தம் என்பது மனிதரை விலக்கி வைத்தது. கச்சத்தீவிலோ, ஆண்டு முழுவதும் மனிதரை விலக்கி வைத்த எல்லைக்கோடு திருவிழாவின்பொருட்டு இரண்டு நாள் விலகி நிற்கிறது. துப்பாக்கி ஏந்திய கடற்படையினர் அந்த இரு நாட்களில் கரையிறங்குவோரை ஒழுங்குபடுத்துகிறார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழும் ராமேசுவரத்துத் தமிழும் ஒரே சிலுவைப்பாதையில் முழங்காற்படியிடுகின்றன. போரில் பிரிந்த உறவினர் சிலர் ஒருவரையொருவர் காணக் கிடைக்கும் ஒரே இடமும் அதுதான். அந்தப் பயணத்தை வீண் என்று நான் எப்படிச் சொல்வேன்? "போகலாமா?" என்று கேட்டால், போங்கள் என்பதே என் பதில்.

ஆனால் அங்கே போகிறவர் அந்தக் கடலின் துயரத்தை அறியாமல் போகக்கூடாது. 2017 மார்ச்சில், திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்தபோது, அக்கடலில் நம் கரையைச் சேர்ந்த ஓர் இளம் மீனவர் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆண்டு நம்மவர் விழாவுக்குப் போகவில்லை. 2024 பிப்ரவரியில், படகோட்டிகள் சிலருக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து ராமேசுவரம் மீனவர் திருவிழாவைப் புறக்கணித்தார்கள், படகுகள் புறப்படவில்லை. 2025 மார்ச்சில் மீண்டும் சென்றார்கள். கணவனோ மகனோ அயல்நாட்டுச் சிறையில் இருக்கும்போது எந்தப் பெண்ணுக்கு விழா காண மனம் வரும்? அவர்களுடைய கோபம் நியாயமானது. நிராயுதபாணியான மீனவன் மேல் துப்பாக்கி நீட்டுவதை எந்தச் சட்டத்தைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

அதே வேளையில் முழு உண்மையையும் சொல்லாவிட்டால் நான் பிரசங்க பீடத்தில் நிற்கத் தகுதியற்றவன் ஆவேன். எதிர்க்கரையில் இருப்பவர்களும் மீனவரே, தமிழரே, அவர்களிலும் பெரும்பகுதியினர் நம்மைப்போல் சிலுவையின் கீழ் நிற்பவர்கள். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்குப் போக விடாமல் தடுக்கப்பட்டிருந்தார்கள். 2009-இல் போர் முடிந்து, கடன் வாங்கிச் சிறு படகும் வலையும் சேர்த்துக் கடலில் இறங்கியபோது, நம் கரையின் விசைப்படகுகள் இழுவைமடியோடு அங்கே நின்றன. கடலின் அடித்தரையை அரித்துக்கொண்டு போகும் அந்த மடி மீன்குஞ்சையும் விட்டுவைப்பதில்லை. வழியில் கிடக்கும் ஏழையின் வலையையும் அறுத்துக்கொண்டு போகிறது. இழுவைமடி 1960-களில் அரசின் ஊக்கத்தோடே நம் கரையில் பரவியது. எனவே இதற்கு மீனவரை மட்டும் குற்றம் சொல்வதும் அநீதி. 2017-இல் இலங்கை அந்த மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. நம் பக்கத்திலும் நாட்டுப்படகு மீனவர் நெடுங்காலமாக அதே முறையீட்டைத்தான் வைக்கிறார்கள். கைதாகிறவன் பெரும்பாலும் கூலிக்குப் போனவன். படகின் சொந்தக்காரர் கரையில் இருக்கிறார்.

தேர்தல் வரும்போதெல்லாம் கச்சத்தீவு மேடையேறுகிறது. யார் கொடுத்தார், யார் மீட்பார் என்ற பேச்சில் அறுந்த வலைக்கும் இடமில்லை, சிறையில் இருக்கும் கூலிக்கும் இடமில்லை. சபையாராகிய நீங்கள் அந்தப் பேச்சை வாட்சப்பில் அப்படியே பகிர வேண்டாம். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னதை எண்ணிப்பாருங்கள். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்தவனுக்குத் தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலாவது சகோதரனிடம் போகட்டும் என்றார். எனக்கு அவன்மேல் என்ன குறை என்று கேட்கச் சொல்லவில்லை. அவனுக்கு என்மேல் என்ன குறை என்பதை நினைக்கச் சொன்னார். கச்சத்தீவு பலிபீடத்துக்குப் போகிற நம்மவர் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

ஆகவே புறக்கணிப்பைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். துயருற்றவர்களின் முடிவைத் தீர்ப்பிட எனக்கு உரிமையில்லை. ஆனால் போராட்டத்தின் கருவியாக மூடப்படும் கதவுகளில் கடைசியாக மூடப்பட வேண்டியது அந்த ஆலயத்தின் கதவு. இரு கரை மீனவரும் அதிகாரிகள் இல்லாமல் முகமுகமாய்ப் பேசக்கூடிய இடம் வேறு எங்கே உண்டு? ஒரே அப்பத்தில் பங்கு பெற்றவர்கள் மறுநாள் ஒருவர் வலையை ஒருவர் அறுப்பதற்கு முன் சற்றே தயங்குவார்கள் என்று நம்புகிறேன். அந்தத் தயக்கத்திலிருந்துகூட ஆண்டவர் சமாதானத்தைத் தொடங்கக் கூடும்.

"கடலே இல்லாத திண்டுக்கல்லில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலைக்கோட்டையும் சிறுமலையும்தான் தெரிகின்றன. அங்கேதான் இக்கட்டுரை உங்களைக் கொண்டுவந்து நிறுத்த விரும்பியது.

கச்சத்தீவில் எந்த மக்களைக் காணப் படகேறிப் போகிறீர்களோ, அந்த மக்கள் நம் நகரை அடுத்த தோட்டனூத்தில் இருக்கிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, அலை அலையாக, இதே பாக் நீரிணையைக் கடந்து ராமேசுவரத்திலும் தனுஷ்கோடியிலும் கரையிறங்கியவர்கள் மண்டபம் முகாமிலிருந்து தமிழகமெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அவற்றில் தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி ஆகியவை நம் பக்கத்தில் இருந்தவை. பல்லாண்டுகள் சிறு கொட்டில்களில் வாழ்ந்த அந்தக் குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் கட்டப்பட்ட 321 வீடுகளை 2022 செப்டம்பர் 14 அன்று முதலமைச்சர் திறந்து வைத்தார். முகாம்களின் பெயரையும் 2021-இல் அரசு மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. இவை நன்றியோடு ஏற்கத்தக்கவை. ஆயினும் வீடு வேறு, குடியுரிமை வேறு. இம்மண்ணிலேயே பிறந்து, நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்து, நம் தமிழையே பேசும் இளைஞர் பலர் இன்றும் சட்டத்தின் கண்ணில் அந்நியரே. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரைப் பற்றிப் பேசியது. இலங்கையிலிருந்து வந்தோரை அது குறிப்பிடவில்லை.

தீவின் எல்லைக்கோடு ஆண்டுக்கு இரண்டு நாளாவது விலகுகிறது. தோட்டனூத்துக்கும் நமக்கும் நடுவில் கடற்படை இல்லை, எல்லைக்கோடு இல்லை; நகரப் பேருந்துக் கட்டணம் மட்டுமே இருக்கிறது. அதையும் மீறி நாம் எத்தனை முறை போயிருக்கிறோம்? கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு நாள் கேக்கும் போர்வையும் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைப் போய்வந்ததாக நான் கணக்கிடவில்லை. அது சொகுசுக் கப்பல் பயணி துறைமுகத்தில் இறங்கி ஏறுவதைப் போன்றது. அவர்களுடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்தோமா? அவர்களுடைய துக்கவீட்டுக்கு அழைக்கப்பட்டோமா? நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்களை அழைத்தோமா? வீடு வாடகைக்குக் கேட்டு வரும்போது "முகாம்காரர்கள்" என்று சொல்லித் தயங்காமல் இருந்தோமா?

இது நமக்குத் தெரியாத விருந்தோம்பல் அன்று. நம் நகரில் முத்தழகுபட்டி புனித செபஸ்தியார் திருவிழாவை எல்லாருமே அறிவோம். மக்கள் காணிக்கையாகக் கொண்டுவரும் ஆட்டையும் கோழியையும் அரிசியையும் ஒன்றாகச் சமைத்து, இரவெல்லாம் பந்தி பரிமாறுகிறார்கள். எந்த மதம், எந்தச் சாதி, எந்த ஊர் என்று இலை போடுகிறவர் கேட்பதில்லை. அந்தப் பந்தியில் உட்கார்ந்து உண்ட திண்டுக்கல்லுக்கு அந்நியரை ஏற்பது எப்படி என்று வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் இரவு செய்வதை ஆண்டின் மற்ற நாட்களிலும் செய்வதற்குத்தான் நமக்கு அருள் வேண்டும்.

வேதாகமத்தில் இன்னொரு தீவும் உண்டு. கப்பல் உடைந்து, நனைந்து நடுங்கிக் கரையேறிய இருநூற்றெழுபத்தாறு பேரை மெலித்தா தீவின் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்று நடபடிகளின் கடைசி அதிகாரம் சொல்கிறது. அவர்கள் கிறிஸ்துவை அறியாதவர்கள். கரையேறியவர்களில் கைதிகளும் இருந்தார்கள். மழையும் குளிருமாயிருந்ததால் அத்தீவார் அனைவருக்குமாக நெருப்பு மூட்டினார்கள். பேர், ஊர், குற்றம் எதையும் முதலில் விசாரித்ததாக லூக்கா எழுதவில்லை. அந்தத் தீவில் அன்றைக்குக் கிறிஸ்தவ ஆலயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் பரிசுத்த ஸ்தலம் எது என்று என்னைக் கேட்டால், மழையில் மூட்டிய அந்த நெருப்பைச் சுற்றியிருந்த இடத்தையே நான் காட்டுவேன்.

பிரியமானவர்களே, இந்த லெந்து நாட்களில் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது இவைதான்.

கச்சத்தீவுக்குப் போக விரும்புகிறவர்கள் போங்கள். சுற்றுலாவாகப் போகாதீர்கள். போகுமுன் இரு கரை மீனவருக்காகவும் ஒரு வாரம் ஜெபியுங்கள். சிறையில் இருப்போரின் குடும்பத்துக்காக ஜெபிக்கும்போது, வலை அறுபட்ட குடும்பத்தையும் சேர்த்தே ஜெபியுங்கள். அங்கே எதிர்க்கரையிலிருந்து வந்த ஒருவரோடாவது உட்கார்ந்து, உங்கள் குறையைச் சொல்லுமுன் அவருடைய குறையைக் கேளுங்கள்.

போக வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டாம். உங்களுக்கு எந்த அருளும் குறைந்துபோகவில்லை. சந்தையில் மீன் வாங்கும்போது அது வந்த கடலையும் அதைப் பிடித்த கைகளையும் நினைத்து நன்றி சொல்லுங்கள்.

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த நாற்பது நாட்களுக்குள் ஒருமுறையாவது தோட்டனூத்துக்குப் போய் ஒரு குடும்பத்தை அறிந்துகொள்ளுங்கள். கையில் பொட்டலம் கொண்டுபோகாதீர்கள், நேரம் கொண்டுபோங்கள். அவர்கள் பேசட்டும், நீங்கள் கேளுங்கள். உயிர்த்தெழுதல் பண்டிகை நாளில் அந்தக் குடும்பத்தை உங்கள் வீட்டு உணவுக்கு அழையுங்கள். சட்டம் படித்தவர்கள் நம் சபையில் இருக்கிறீர்கள். குடியுரிமை மனு எழுதவும், சான்றிதழ் திருத்தவும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொடுக்க முடியுமா என்று எண்ணிப்பாருங்கள். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் என்ன படிப்பது என்று தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு வழிகாட்டுங்கள்.

நியாயத்தீர்ப்பு நாளில் ஆண்டவர் எத்தனை பரிசுத்த ஸ்தலங்களைப் பார்த்தாய் என்று கேட்பார் என மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் எங்கும் எழுதப்படவில்லை. அந்நியனாய் வந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்றே அவர் கேட்பார்.

ஜெபிப்போம். கடலையும் கரையையும் உண்டாக்கின பிதாவே, நாங்கள் கட்டிய சுவர்களை எங்களுக்குக் காட்டியருளும். சிறையில் இருப்போருக்கு விடுதலையையும், அலைகளின்மேல் உழைப்போருக்குப் பாதுகாப்பையும், வீடு பெற்றும் நாடு பெறாதோருக்கு நியாயத்தையும் தாரும். எங்கள் கால்களை அருகில் இருக்கும் சகோதரனுடைய வாசலுக்கு நடத்தும். எங்கள் சமாதானமாகிய இயேசு கிறிஸ்துவின் மூலமாய் வேண்டுகிறோம். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்